பின்புறத்துப் பென்சில் எழுத்து

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை அடுத்த தோட்டமொன்றில், உறவினர் வீட்டு லயக் காம்பராவின் சுவரில் தொங்கிய கலியாணப் படமொன்றைச் சென்ற ஆண்டு இறக்கிப் பார்க்க நேர்ந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் தூரிகையால் வர்ணம் தீட்டிய அந்தக் காலத்து வேலை அது. மணமகளின் சேலை வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடந்தது. சட்டத்தைக் கழற்றிப் படத்தைத் திருப்பியபோது, வர்ணம் தீட்டுபவருக்கென்று ஸ்டூடியோக்காரர் பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு மட்டும் மங்காமல் இருந்தது: “சேலை அரக்கு. கரை மஞ்சள்.” நிறம் போய், நிறத்தைப் பற்றிய சேதி எஞ்சி நின்ற அந்த விசித்திரமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

படமெடுக்கும் கலை மலைநாட்டுக்கு வந்த ஆரம்ப காலத்தில் நிறம் மாறுவதை ஒருவரும் பிழையென்று எண்ணவில்லை; அது அக்கலையின் சுபாவமாகவே இருந்தது. 1851இல் வழக்குக்கு வந்த ஈரக் கண்ணாடித் தகடு நீலத்தையும் ஊதாவையும் அறியுமேயன்றிச் சிவப்பை அறியாது. ஆதலால் ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் நிலையங்கள் எடுத்து விற்ற அந்நூற்றாண்டுப் படங்களிலும், 1875இல் இலங்கையில் குடியேறி 1879இல் இங்கேயே மறைந்து பொகவந்தலாவையில் அடக்கமான ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் எடுத்த படங்களிலும், நீல வானம் வெற்றுத்தாளாய் வெளுக்கும், செந்நிறச் சேலை கரிய சேலையாகும், நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகும். 1873இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபோகல் சாயம் ஊட்டி இக்குறையைத் தணிக்கும் வழியைக் கண்டார் என்றாலும், எல்லா நிறங்களையும் ஒருவாறு அறியும் தகடு கடைகளுக்கு வர 1906 ஆயிற்று.

பண்டாரவளைக்கு 1894இல் வந்த ரயில், மலையைக் குடைந்தும் வளைந்தும் பதுளையை எட்ட மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924க்குப் பின் பட்டினம் பெருக, தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் தோட்டத்து ஜனங்கள் ஸ்டூடியோ வாசல் ஏறுவது வழக்கமாயிற்று. ஆனால் அவர்களுள் பலர் படமெடுத்துக்கொள்ள நேர்ந்தது மங்கலத்தின் பொருட்டன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவர்களாகப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. பாஸ்போர்ட்டுக்கென்று எடுத்த முகங்களோடு, பிரியும் முன் அண்ணனும் தம்பியுமாக எடுத்துக்கொண்ட படங்களும் உண்டு. ஒரு பிரதி ஊவாவில் தங்கிற்று, மற்றொன்று தகரப் பெட்டியில் கப்பலேறிக் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போயிற்று.

பின்னர் வந்த வர்ணப் படங்கள் இன்னும் நிலையற்றவையாயின. அக்காலத்து வர்ணத் தாளில் நீலப்பச்சை, செவ்வூதா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களே எல்லா நிறத்தையும் சமைக்கின்றன. பெட்டியின் இருளிலே முதலில் நீலப்பச்சை தேய்கிறது. அதனாலேதான் 1970களின் படங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னணித் தேயிலைச் செடியும் ஒருசேரச் செம்மண் பூசியதுபோல் சிவந்து காண்கின்றன. பாட்டனுடைய கறுப்பு வெள்ளைப் படம் நிலைக்க, பேரனின் வர்ணப் படம் மறைகிறது.

இன்றோ பழம்படத்தை ஸ்கேனரில் எடுத்துக் கம்ப்யூட்டரில் வர்ணம் புதுக்குகிறோம். திரையில் கண்ட அரக்குச் சேலை, சேமித்துக் கோத்தகிரிக்கு அனுப்பியதும் அங்குள்ள போனில் மங்கிய செங்கல் நிறமாகிறது. தேயிலையின் பச்சையோ இன்னும் வெளிறுகிறது. கோப்பில் உள்ளவை வெறும் எண்களே என்பதுதான் இதன் சூட்சுமம். எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் விவரக்குறிப்புக்கு, ஐசிசி என்ற சர்வதேச அமைப்பு 1993 முதல் பொதுவிதி வகுத்தது. 1996இல் பிறந்த எஸ்ஆர்ஜிபி என்னும் நிறவெளி குறுகியது, பெரும்பாலான திரைகள் அறிந்தது. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி விரிந்தது, பச்சையில் வளமுடையது. விரிந்த வெளியில் எழுதிய எண்களைக் குறிப்பில்லாமல் அனுப்பினால், பெறுகின்ற கருவி அவற்றைக் குறுகிய வெளியின் எண்களாகவே வாசித்துவிடுகிறது.

பரிகாரமும் இதிலிருந்தே புலப்படும். முதலில் திரையை அளவுகருவியால் சீராக்க வேண்டும்; மூலக்கோப்பைச் சுருக்காமல் பத்திரப்படுத்த வேண்டும்; அனுப்பும் பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு முறைப்படி மாற்ற வேண்டும். எண்களை அப்படியே விட்டுப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் நிறம் கெடும். எண்களையே புதுக்கணக்கில் எழுதினால்தான் நிறம் நிற்கும். சேமிக்கும் வேளையில் விவரக்குறிப்பையும் கோப்போடு சேர்க்கும் கட்டத்தைக் குறியிட மறக்கலாகாது. இவ்வளவு செய்தும் சேலைக்கரையில் மட்டும் மஞ்சள் கலங்கித் தெரிந்தால், குற்றம் 1992இல் விதிக்கப்பட்ட ஜேபெக் சுருக்கத்தினுடையது: இடமிச்சம் கருதி அது ஒளியைக் காட்டிலும் நிறத்தையே தாராளமாகக் குறைக்கும்.

உறவினர் வீட்டுப் படத்தை ஒரு ஸ்டூடியோவில் புதுக்கக் கொடுத்தபோது, முதல் முறை சேலையை நீலமாக்கியே தந்தார்கள். தவறு எங்களுடையதுதான், முன்புறத்தை மட்டும் காட்டியிருந்தோம். படத்தைத் திருப்பிக் காட்டியதும் வேலைக்கிருந்த தம்பி வாய்விட்டு வாசித்து, அரக்கும் மஞ்சளும் எடுத்து, குறிப்பைக் கோப்போடு சேர்த்துச் சேமித்துத் தந்தார். நாங்கள் கேட்டுக்கொள்ளாமலே படத்தின் பின்புறத்தையும் அவர் ஸ்கேனரில் கிடத்தியிருந்தார். கோத்தகிரிக்கு இரண்டு கோப்புகள் போயின.