காலுக்கும் உண்டு பைபாஸ்... வெற்றியைத் தீர்மானிக்கும் 5 விஷயங்கள்!

'பைபாஸ்' என்றதும் நமக்கு இதயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, காலுக்கும் பைபாஸ் உண்டு. "கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடிச்சுக்குது, நின்னா சரியாகிடுது"ன்னு உங்க வீட்டுல யாராவது சொன்னா, 'வயசாகிடுச்சு'ன்னு விட்டுடாதீங்க. காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். படுத்திருக்கும்போதும் வலி, ஆறாத புண், கறுத்துப்போன விரல் என நிலைமை முற்றினால், காலையே இழக்க நேரிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப்பாதை போடுவதுதான் பைபாஸ். நோயாளியின் சொந்தச் சிரையை வைத்தே காலில் நீண்ட பைபாஸ் செய்யலாம் என்று 1948-ல் பாரிஸில் செய்து காட்டியவர் ழான் குன்லின். அந்தப் பாதை அடைபடாமல் இருக்க டாக்டர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள்?

1. சொந்தச் சிரைக்கே முதலிடம்

கணுக்காலிலிருந்து தொடை வரை தோலுக்கு அடியில் ஓடும் நீண்ட சிரைதான் முதல் சாய்ஸ். அதை எடுத்துவிட்டாலும், ஆழத்தில் இருக்கும் சிரைகள் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் செய்து, சிரை சுமார் 3 மி.மீ அகலமாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கால் சரிப்படாவிட்டால் அடுத்த கால், அதுவும் இல்லையென்றால் கையிலுள்ள சிரை.

2. வால்வைச் சமாளிப்பது

சிரைக்குள் ஒருவழிப்பாதை வால்வுகள் உண்டு. அப்படியே பொருத்தினால் ரத்தம் பாதத்துக்கு இறங்காது. அதனால் சிரையைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவார்கள். அல்லது, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சிறிய கருவியால் வால்வுகளை மட்டும் வெட்டிவிடுவார்கள். சிரையை அதிகமாக இழுத்தாலோ, ஊதிப் பெரிதாக்கினாலோ உட்சுவர் கெட்டுவிடும் என்பதால் பக்குவமாகக் கையாள வேண்டும்.

3. செயற்கைக் குழாய்க்கு ஒரு 'காலர்'

நல்ல சிரையே கிடைக்காவிட்டால் பி.டி.எஃப்.இ என்ற செயற்கைக் குழாய். முழங்காலுக்குக் கீழே இது சீக்கிரம் அடைபடலாம். அதனால் குழாயும் தமனியும் சேரும் இடத்தில் சிறு துண்டுச் சிரையை காலர் போல வைத்துத் தைக்கும் முறை உண்டு.

4. தைத்த கையோடு ஒரு செக்கிங்

காயத்தை மூடும் முன்பே டாப்ளர் அல்லது ஆஞ்சியோகிராம் மூலம் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டால், மடிப்பு, முறுக்கு, வெட்டப்படாத வால்வு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும், உடனே சரிசெய்யலாம்.

5. மீதி உங்க கையில்

ஆபரேஷனுக்குப் பிறகும் புகைபிடித்தால் பைபாஸ் அடைபடும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் செய்தால், முழுசாக அடைபடும் முன்பே கண்டுபிடிக்கலாம்.

ஸ்டென்ட் போதாதா?

2022-ல் வெளியான 'பெஸ்ட்-சி.எல்.ஐ' ஆய்வில், நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸே மேல் எனத் தெரிந்தது. பெரிய பாதிப்போ மரணமோ பைபாஸ் குழுவில் 42.6 சதவிகிதம், பலூன், ஸ்டென்ட் குழுவில் 57.4 சதவிகிதம். ஆனால், முழங்காலுக்குக் கீழான அடைப்புகளை ஆராய்ந்து 2023-ல் வந்த 'பேசில்-2', பலூன் சிகிச்சைக்கு ஆதரவாக இருந்தது. ஆக, எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. "எனக்கு நல்ல சிரை இருக்கா? அடைப்பு எங்கே? என் உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா?" இந்த மூன்றையும் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேளுங்க.

அதற்கும் முன்னால், கை, கணுக்கால் இரண்டிலும் பி.பி பார்த்து ஒப்பிடும் ஏ.பி.ஐ டெஸ்ட் இருக்கு. வலியே இல்லாத சிம்பிளான டெஸ்ட். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வருதா? உடனே டாக்டரைப் பாருங்க. சர்க்கரை நோய் நாள்பட்டு இருந்தால் இந்த எண் ஏமாற்றலாம். அவங்க புண் வந்தாலே தாமதிக்கக் கூடாது.

இன்னிக்கு ராத்திரி அப்பாவோட பாதத்தை ஒரு தடவை பார்த்துடுங்களேன்!