பட்டம் தராத பள்ளி

பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்லர். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் அழகு நிலையம் நடத்தி வந்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரைத் தேடிப்பிடித்து வகுப்பெடுக்கச் சொன்னார்கள். 1957 ஜனவரியில், நகரை அடுத்த ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 கறுப்பினத்தவர் முதல் நாள் அவர் முன் வந்து அமர்ந்தார்கள். முன்புறம் மளிகை விற்பனை நடந்தது. பின்னால் பள்ளிக்கூடம் நடப்பது வெள்ளையர் கண்ணில் படக்கூடாது.

தொடக்கப்பள்ளிப் புத்தகங்கள் சிலவற்றை ராபின்சன் கொண்டு போயிருந்தார். உழைத்துக் காய்த்த கைகளுக்கு அந்தக் குழந்தைப் பாடங்கள் பொருந்தாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. புத்தகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும் என்றார் ஒருவர். பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், அஞ்சல்வழிக் கடைக்கு ஆர்டர் எழுத வேண்டும் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அவைதான் பாடத்திட்டம். அவற்றோடு, வாக்காளராகப் பதிய வாசித்துக் காட்ட வேண்டிய மாநில அரசியல் சட்டப் பகுதியும் சேர்ந்தது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, இதைப் படிக்கும் அளவுக்கு வரவேண்டும் என்று இலக்கும் வைத்தார் ராபின்சன்.

இந்த வகுப்புக்குப் பின்னால் இருந்தது ஹைலேண்டர் என்ற பள்ளி. 1932-இல், பெருமந்தத்தால் நாடே துவண்டு கிடந்த வேளையில், டென்னசி மாநிலத்து மான்டீகிள் மலையூருக்கு அருகே மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட் என்ற இரு இளைஞர்கள் தொடங்கியது. அப்போது ஹார்ட்டனுக்கு வயது 27. டென்மார்க் போய் அங்குள்ள மக்கள் பள்ளிகளை நேரில் பார்த்துத் திரும்பியிருந்தார். மலையூரில் பாடத்திட்டமோ தேர்வோ பட்டமோ கிடையாது. ஊரில் பிரச்சினை உள்ளவர்கள் வந்து சில நாட்கள் தங்குவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத் தங்கள் அனுபவத்தைப் பேசுவார்கள். ஊர் திரும்பி என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவெடுத்துக் கிளம்புவார்கள்.

முதல் பத்தாண்டுகளில் வந்தவர்கள் பெரும்பாலும் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள். பின்னர் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வகுப்பில் பேசினார்கள். இரு இனத்தாரும் சேர்ந்து படிப்பதையே தடைசெய்த டென்னசியில் இது சட்டமீறல். 1955 கோடையில் அலபாமா மாநிலத்து மான்ட்கமரியிலிருந்து ரோசா பார்க்ஸ் இங்கு நடந்த இரண்டு வாரப் பட்டறைக்கு வந்து தங்கினார். தையல்வேலை செய்து வந்த அவர், தம் ஊரில் இளைஞர் குழு ஒன்றை வழிநடத்தியும் வந்தார். பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்து அதே ஆண்டு மார்ச்சில் கைதான 15 வயதுச் சிறுமி கிளாடெட் கால்வினுக்கும் அந்தக் குழுவோடு தொடர்பு உண்டு. பட்டறையின் முடிவில் பார்க்ஸ் பெரிய நம்பிக்கை எதையும் வெளிப்படுத்தவில்லை. தம் ஊரார் ஒன்றுசேர்ந்து நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. டிசம்பர் 1-ஆம் தேதி அதே காரணத்துக்காக அவரே கைதானார். ஊர் ஓராண்டுக்கும் மேலாகப் பேருந்தைப் புறக்கணித்தது.

அதே பட்டறையில் பார்க்ஸ் சந்தித்தவர் செப்டிமா கிளார்க். நாற்பதாண்டு ஆசிரியப் பணிக்குப் பிறகு, கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக நீடித்ததற்காக 1956-இல் வேலை பறிக்கப்பட்டவர். அவரை ஹைலேண்டர் அழைத்துக்கொண்டது. ஜான்ஸ் தீவு வகுப்புக்கு வித்திட்டவர் அந்தத் தீவின் ஈசா ஜென்கின்ஸ். தம் பேருந்தில் வேலைக்குப் போகும் பயணிகளுக்கு வழியிலேயே அரசியல் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர். அதை முறையான வகுப்பாக்கியதில் கிளார்க்கின் பங்கு பெரிது. ராபின்சன் அவருடைய உறவினர்தான். தேர்ந்த ஆசிரியர் வந்தால் மக்களை மாணவர்களாகத்தான் பார்ப்பார் என்பது அவர்கள் கணிப்பு. இவ்வளவு துணிவான நியமனத்தைக் கல்வி வரலாற்றில் வேறெங்கும் எளிதில் காண முடியாது.

1959 ஜூலை 31 இரவு பள்ளியில் காவல்துறை புகுந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த அந்த மாவட்டத்தில் மது வைத்திருந்ததாகச் சொல்லிக் கிளார்க்கைக் கைது செய்தார்கள். விளக்கணைந்த கூடத்தில் சிறுவர்களும் இளைஞர்களும் பாடத் தொடங்கினார்கள். மான்ட்கமரியிலிருந்து வந்திருந்த 14 வயது ஜமீலா ஜோன்ஸ், எங்களுக்கு அச்சமில்லை என்ற பொருளில் ஓர் அடியை அவர்கள் பாடிய பாட்டில் சேர்த்தார். பாடித்தான் ஆகவேண்டுமென்றால் இவ்வளவு உரக்கப் பாட வேண்டுமா என்று காவலர் ஒருவர் நடுக்கத்தோடு கேட்டதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். சுற்றிலும் ஆயுதம் தாங்கியவர்கள் நிற்கும்போது பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்தத் துணிவு வந்ததென்றால், தன்னை ஒரு பொருட்டாக மதித்தவர்களிடையே அவள் இருந்தாள் என்பதே காரணம்.

அடுத்த ஆண்டு, வெள்ளையருக்கு மட்டுமே இடம் தந்த உணவகங்களில் அமர்ந்து போராடிய கல்லூரி மாணவர்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் மலையூரில் கூடினார்கள். அவர்களில் நாஷ்வில் மாணவர்களுக்கு அறப்போர்ப் பயிற்சி தந்துவந்தவர் ஜேம்ஸ் லாசன். அவர் 1950-களில் நாக்பூர்க் கல்லூரியில் பணியாற்றியபோது காந்தியத்தை நெருங்கிக் கற்றவர். ஹார்ட்டன் மாணவர்களுக்கு அறிவுரை வழங்கவில்லை. எதிர்க்கட்சிக்காரரைப் போலக் கேள்விமேல் கேள்வியாகத் தொடுத்து, அவர்கள் தங்கள் நிலையைத் தாங்களே தெளிவாகச் சொல்லும் வரை விடவில்லை. அதே மாதம் 15-ஆம் தேதி, மூத்த உரிமைப் போராளி எல்லா பேக்கர் ராலே நகரில் மாணவர் மாநாட்டைக் கூட்டினார். அறப்போர் மாணவர் ஒருங்கிணைப்புக் குழு அங்கே பிறந்தது.

1961-இல் டென்னசி அரசு பள்ளியின் பதிவை ரத்துசெய்து உடைமைகளை ஏலம் விட்டது. ஹார்ட்டன் வேறு பெயரில் பதிவுசெய்து நாக்ஸ்வில்லில் மறுபடி தொடங்கினார். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஜான்ஸ் தீவு வகுப்பிலிருந்து கிளைத்து அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த குடியுரிமைப் பள்ளித் திட்டத்தை அதே ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார் என்பது. செப்டிமா கிளார்க், டொரதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் அதை நடத்தினார்கள். தான் வளர்த்த திட்டத்தை அது தழைத்துவரும் வேளையில் கைமாற்றிக்கொடுக்கும் அமைப்புகள் எங்கேயும் அபூர்வம்.

இந்தப் பயிற்சியைப் பெற்றவர்களில் ஒருவர் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர். 1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் கைதாகி, வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். மறு ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் குழுவின் முன் அமர்ந்து அந்த அடிகளை நாடு கேட்கச் சொன்னார். ஹைலேண்டர் 1970-களில் நியூ மார்க்கெட் என்ற ஊருக்கு மாறியது. அப்பலாச்சிய மலைகளின் நிலங்கள் யாருக்குச் சொந்தம் என்று அங்குள்ள மக்களே ஆவணங்களைத் தோண்டி ஆராய உதவியது. 2019 மார்ச்சில் அதன் அலுவலகக் கட்டிடம் தீயில் எரிந்தது. வாகன நிறுத்துமிடத்தில் வெள்ளை இனவெறியர்களின் குறி ஒன்று வரையப்பட்டிருந்தது. பட்டறைகள் நிற்கவில்லை.