மலையூருக்கு வந்த மயக்கம்

கம்போங் குவாந்தானுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது இருட்டிய பிறகுதான். உள்ளூர்க்காரர்கள் துடுப்புப் போட்டுப் படகைச் செலுத்த, சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து ஒளிர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரில் இருப்பதைக் காட்டி ஊர் பிழைக்கிறது. ஆனால், வருகிறவர்கள் தேடி வருவது போதைப்பொருளாக இருந்தால் அந்த ஊர் என்னவாகும்? விடை தெரிய வேண்டுமானால் இமயமலைக் கிராமமான மலானாவின் கதையைக் கேட்க வேண்டும்.

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மலானா. ஊர்த் தெய்வம் ஜம்லு. பரசுராமரின் தந்தையான ஜமதக்னி முனிவரே அவர் என்பது நம்பிக்கை. வழக்குகளைத் தீர்க்க மேலவை, கீழவை என்று இரண்டு சபைகள் அங்குண்டு. அவர்கள் பேசும் கனாஷி மொழி சுற்றியுள்ள ஊர்களுக்குப் புரியாது. வெளியார் கோயிலையோ வீட்டுச் சுவரையோ தொட்டால் அபராதம்!

இத்தனை கட்டுப்பாடு உள்ள ஊருக்குள் போதை வணிகம் எப்படி நுழைந்தது?

கஞ்சாச் செடி அம்மலைகளுக்குப் புதிதல்ல. அதன் நாரில் கயிறு திரித்தார்கள், காலணி பின்னினார்கள். பூங்கொத்தை உள்ளங்கையில் தேய்த்துத் திரட்டும் பிசினான சரஸும் பழையதுதான். பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே 1893-ல் ஓர் ஆணையம் அமைத்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கில்லை என்று கூறிய ஆணையம், முழுத் தடையை ஏற்கவில்லை. வரியும் உரிமமும் போதும் என்றது.

1960-களில் ஹிப்பிகள் வந்தார்கள். இஸ்தான்புல், காபூல் வழியாகத் தரைவழியே வந்த ஐரோப்பிய இளைஞர்களுக்கு காட்மாண்டு ஒரு முடிவிடமாக இருந்தது. 1973-ல் நேப்பாளம் கஞ்சாக் கடைகளின் உரிமங்களை ரத்து செய்தது. 1979-ல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்தப் பாதையையே அடைத்தன. குல்லுவுக்கும் கோவாவுக்கும் வருவோர் மட்டும் குறையவில்லை. 1992-ல் இந்தியாவும் இஸ்ரேலும் முழுத் தூதரக உறவு கொண்டபின், ராணுவப் பணி முடித்த இஸ்ரேலிய இளைஞர்களும் முதுகுப்பையுடன் பார்வதிப் பள்ளத்தாக்கில் குவிந்தனர். ‘மலானா கிரீம்’ என்ற பெயர் ஆம்ஸ்டர்டாம் கடைகள் வரை போனது.

இதற்கிடையே 1985-ல் இந்தியா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. நேற்றுவரை பயிர், இன்று குற்றம். ஒரு கிலோவுக்கு மேல் சரஸ் வைத்திருந்தால் குறைந்தது பத்தாண்டுச் சிறை. தேவை குறையாததால் விலை ஏறியது. தேய்த்த கைக்குக் கிடைத்தது சொற்பம். இடைத்தரகருக்கே பெரும் பங்கு. பிடிபடும்போது சிறைக்குப் போவதோ பெரும்பாலும் சுமந்து சென்ற ஏழை.

பயணிகளுக்கும் நிம்மதியில்லை. 1990-களிலிருந்து அப்பள்ளத்தாக்கில் வெளிநாட்டவர் பலர் காணாமல் போயிருக்கிறார்கள்.

2001-ல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதையொட்டிச் சாலை நெருங்கியது. 2008 தீ விபத்து ஊரின் பெரும்பகுதியை விழுங்கியது. 2017-ல் ஜம்லுவின் கட்டளை என்று சொல்லி, வெளியார் இரவில் தங்கும் விடுதிகளை ஊரார் மூடினார்கள். பாரம்பரியம் அழிகிறதே என்ற அச்சம் அவர்களுக்கே வந்துவிட்டது.

தோட்டப்புறத் தமிழருக்கு இது அந்நியக் கதையல்ல. கூலி கொடுத்த தோட்டத்திலேயே கள்ளுக்கடையும் இருந்த காலம் உண்டு. வாங்கிய சம்பளம் வீடு போய்ச் சேருமுன் கரைந்தது. 1941-ல் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. மயக்கத்தில் லாபம் பார்ப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்பதை நம் பாட்டன்மார் அன்றே கண்டுகொண்டார்கள்.

இன்று நம் பிள்ளைகளும் குல்லு, மணாலி என்று பயணம் போகிறார்கள். போகட்டும், உலகைப் பார்க்கட்டும். ஆனால், மலேசியச் சட்டத்தில் 200 கிராம் கஞ்சா இருந்தாலே கடத்தல் என்று கருதப்படும். 2023-ல் கட்டாயத் தூக்கு நீக்கப்பட்டதே தவிர, மரண தண்டனை நீங்கவில்லை. பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோர், பெட்டியைக் கட்டும்போதே மலானாவின் கதையையும் சொல்லி அனுப்புவது நல்லது.