காற்றுக் கணக்கில் விடுபட்ட மனம்: பிள்ளைச்சாவடிக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர் பிள்ளைச்சாவடி. அருகிலுள்ள காலாப்பட்டில் பல்கலைக்கழகமும் உண்டு, ரசாயன, மருந்து ஆலைகளும் உண்டு. 2023 நவம்பர் 4 இரவு அங்கே ஒரு மருந்து ஆலை வெடித்தது. தொழிலாளர்கள் தீக்காயமடைந்தனர், ஆலையை மூடக் கோரி மக்கள் திரண்டனர். இத்தகைய நேரங்களில் காயமடைந்தோர் எத்தனை, காற்றில் கலந்தது என்ன என்று கேட்கும் வழக்கம் நமக்குண்டு. தூக்கம் இழந்தோர் எத்தனை என்று கேட்கும் வழக்கமில்லை. இதற்கு அறியாமை காரணமன்று. மாசுக்காற்று மனத்தைத் தொடும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. அளக்கும் முறைதான் அதை வெளியே நிறுத்தியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாதரசமே முதல் சான்று. ஐரோப்பாவில் தொப்பி செய்தோரிடம் நடுக்கத்தோடு கூச்சம், எரிச்சல், மறதி ஆகியவற்றையும் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கண்டனர். அதே ஆவி கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் வழியே தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2001இல் அந்த ஆலை மூடப்பட்டது. மூச்சில் புகும் நஞ்சு குணத்தையே மாற்றும் என்பதில் இங்கு ஐயமில்லை. ஆனால் இவ்வறிவு 'தொழில்நோய்' என்னும் தலைப்புக்குள் அடங்கிவிட்டது. ஆலைச் சுவருக்கு வெளியே வாழ்வோர் அதில் இடம்பெறவில்லை.

அந்தச் சுவரை உடைத்தது 1984 டிசம்பரில் நேர்ந்த போபால் நச்சுவாயுக் கசிவு. அதையடுத்த மாதங்களில் பாதிக்கப்பட்ட பகுதியின் 10 பொது மருத்துவ நிலையங்களுக்கு வந்தோரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 22.6 விழுக்காட்டினரிடம் மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; மனச்சோர்வும் பதற்றமுமே மிகுதி. இது நச்சுவாயுவின் வேலையா, உற்றாரை இழந்த துயரின் வேலையா என்று கேட்கலாம். பிரித்தறிவது கடினம். எனினும் அந்தத் துயரையும் அந்த வாயுதானே தந்தது? மூளைக்குள் புகுந்த மூலக்கூறு மட்டுமே மாசின் விளைவு, அது விளைவித்த அச்சம் வேறு கணக்கு என்று பிரிப்பது ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தும், வாழ்க்கைக்குப் பொருந்தாது.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் போபால் போன்ற பேரிடர் இல்லை; அன்றாட நாற்றம் இருந்தது. 2004இல் அங்குள்ள ஊர்மக்கள் காற்று மாதிரிகளைத் தாங்களே எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன நாற்றம் என்று குறித்தும் வைத்தனர். நாற்றம் வெறும் தொந்தரவு, நோயன்று என்பது இதற்கு வழக்கமான மறுப்பு. ஆனால் எப்போது வரும் என்று தெரியாத, தன்னால் நிறுத்த முடியாத தொந்தரவு, காத்திருப்பையே வேதனையாக்குகிறது. அந்தக் குறிப்பேடுகள் நஞ்சோடு இந்தக் காத்திருப்பையும் பதிவு செய்தன.

2019இல் விவாதம் நுண்துகள்களுக்கு நகர்ந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் நீண்டகாலத்தில் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது மனச்சோர்வின் வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. அமெரிக்க, டென்மார்க் தரவுகளைக் கொண்ட மற்றோர் ஆய்வும் காற்று மாசை மனநோயோடு இணைத்தது. அது வெளிவந்த இதழிலேயே ஆய்வாளர் ஜான் அயோனிடிஸ் அதன் முடிவுகளை ஐயுற்றார். ஏழைகளே ஆலையோரம் வாழ்கிறார்கள், வறுமையே மனத்தைச் சிதைக்கிறது என்னும் மறுப்பும் வலிமையானது. அது உறவின் அளவைக் குறைக்கலாம். உறவே இல்லை என்று காட்டாது. வறுமையால் ஏற்கெனவே தளர்ந்த மனத்தின்மேல் மாசும் சேர்கிறது என்றால், அது பாதுகாப்பைக் கூட்டுவதற்கான காரணமே.

1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் மாசை மனிதருக்குத் தீங்கானது என்று பொதுவாகவே சொல்கிறது, மனத்தை விலக்கவில்லை. விலக்கியது அளவுகோல். 2009ஆம் ஆண்டின் தேசியத் தரநிலை 12 மாசுகளை எண்ணுகிறது. அவற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை, குளோரினும் இல்லை. பிஎம் 2.5க்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை அது அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 5. அதோடு, ஆண்டுச் சராசரியில் ஓர் இரவின் திகில் கரைந்துவிடும். ஆகவே புதிய கருவிகளுக்குமுன் இரண்டு ஏடுகளை அருகருகே வைத்துப் படிக்கலாம்: மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு வரும் நாற்றப் புகார்களின் நாளும் நேரமும் ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கமின்மை, படபடப்பு என்று வருவோரின், பெயர் நீக்கிய பதிவு மற்றொன்று. கடலூர் மக்கள் முதல் ஏட்டின் மாதிரியைக் காட்டினார்கள். இரண்டாவதன் மாதிரியைப் போபால் மருத்துவர்கள் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பது மட்டுமே பாக்கி.