குதிரையில் துரத்திய அலை

மாணவர்களே, தனி அலையைப் பற்றி எழுதச் சொன்னால் பலர் நேரே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதன் வரலாறு ஒரு கால்வாயில் தொடங்குகிறது.

1834 ஆகஸ்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகே, யூனியன் கால்வாயில் இரண்டு குதிரைகள் ஒரு படகை இழுத்து வந்தன. படகு சட்டென நின்றது. அது தள்ளி வந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. ஒரே மேடாகத் திரண்டு முன்னால் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் விடுவாரா? குதிரையில் துரத்தினார். சுமார் 30 அடி நீளம். ஒன்று, ஒன்றரை அடி உயரம். மணிக்கு 8, 9 மைல் வேகம். உயரம் மெல்லக் குறைந்ததே தவிர அலை சிதறவில்லை. ஒன்றிரண்டு மைல் தாண்டி, கால்வாயின் வளைவுகளில் மறைந்தது.

குளத்தில் கல்லைப் போட்டால் அலை பரவி அடங்கிவிடும், இல்லையா? இது ஏன் அடங்கவில்லை? ரஸ்ஸல் தொட்டி கட்டி, அதே அலையைத் திரும்ப எழுப்பிக் காட்டினார். அப்படியும் எய்ரி, ஸ்டோக்ஸ் போன்ற பெரிய அறிஞர்கள் நம்பத் தயங்கினார்கள். அன்றைய கணக்குக்குள் அது அடங்கவில்லை. கோர்ட்டவெக், டி விரீஸ் இருவரும் தகுந்த சமன்பாட்டைத் தந்தது 1895இல். ரஸ்ஸல் இறந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘சொலிட்டான்’ என்ற பெயரை 1965இல் சபுஸ்கியும் குருஸ்கலும் வைத்தார்கள். ஆகவே, ரஸ்ஸல் அந்தப் பெயரைச் சொன்னதாகத் தேர்வில் எழுதிவிடாதீர்கள்!

சரி, குளிர்ந்த வாயுவுக்கு வருவோம். 1924இல் டாக்காவில் இருந்த போஸ் அனுப்பிய கட்டுரையை வைத்து ஐன்ஸ்டைன் ஒன்றை ஊகித்தார்: மிகக் கடுமையான குளிரில் அணுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அலைபோல நடக்கும். அதை ரூபிடியம் வாயுவில் செய்து காட்ட 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கேயும் அதே இழுபறிதான். அலைக்குப் பரவும் குணம் உண்டு. அணுக்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அலை திரளப் பார்க்கும். இரண்டும் சமமானால் திரள் கலையாது. அணுக்கள் ஒன்றையொன்று விலக்கினால்? அப்போது மேடு நிலைக்காது, பள்ளம் நிலைக்கும். 1999இல் ஜெர்மனியின் ஹனோவரில், வாயுவின் ஒரு பகுதியில் மட்டும் லேசர் ஒளியைக் கணநேரம் பாய்ச்சி, அப்படி நகரும் பள்ளத்தை உண்டாக்கினார்கள்.

மேடு கிடைத்தது 2002இல். லித்தியம் அணுக்களின் விலக்கத்தைக் காந்தப்புலத்தால் ஈர்ப்பாக மாற்றினார்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பல திரள்கள் வரிசையாக வந்தன. பாரிஸில் ஒன்றே ஒன்று. அது கலையாமல் போன தூரம் 1.1 மில்லிமீட்டர்.