இதய நோயில் அழற்சிக் குறியீடுகள்

உடலில் அழற்சி நடந்துகொண்டிருப்பதை இரத்தப் பரிசோதனையில் காட்டிக்கொடுக்கும் பொருள்கள் அழற்சிக் குறியீடுகள் எனப்படும். ஃபைப்ரினோஜன், இன்டர்லூக்கின்-6, சீரம் அமிலாய்டு ஏ, வெள்ளணு எண்ணிக்கை எனப் பல இருந்தாலும் இதய, இரத்தநாள நோய்களில் பெரிதும் ஆராயப்பட்டது சி-ரியாக்டிவ் புரதம், அதாவது சிஆர்பி. இதை அளக்க வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை; செலவும் அதிகமில்லை.

1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தனர். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் இந்தப் பெயர். இன்டர்லூக்கின்-6 தூண்ட, கல்லீரல் இதைச் சுரக்கிறது. தொற்று ஏற்பட்ட சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். கடும் தொற்றில் லிட்டருக்கு 100 மில்லிகிராமையும் தாண்டும்.

இதய நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? மாரடைப்பு என்றால் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அது பாதி உண்மைதான். எல்டிஎல் கொழுப்பு தமனிச் சுவரின் உட்படலத்தில் புகுந்து தங்கும்போது, அதை அகற்ற வெள்ளணுக்கள் உள்ளே வருகின்றன. கொழுப்பை விழுங்கி, உப்பி, நுரை செல்களாக மாறி அங்கேயே மடிந்து படிவாகச் சேர்கின்றன. கொழுப்புப் படிகங்கள் அவற்றைச் சீண்ட, இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியாகிறது. அது இன்டர்லூக்கின்-6ஐக் கிளப்புகிறது. அதன் விளைவாகக் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. இதற்கிடையே படிவின் மேலிருக்கும் நார் உறையை வெள்ளணுக்களின் நொதிகள் அரித்து மெலிதாக்குகின்றன. உறை கிழிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது; அந்த உறைகட்டி குழாயை அடைத்தால் மாரடைப்பு. பாதி அளவுகூட அடைபடாத குழாயில் திடீரென மாரடைப்பு வருவது இப்படித்தான்.

இந்த மெல்லிய, நாள்பட்ட அழற்சியில் சிஆர்பி சிறிதளவே கூடும். அதை அளக்கும் நுண்ணுணர்வுப் பரிசோதனையே எச்எஸ்-சிஆர்பி. அமெரிக்க மருத்துவர்களின் உடல்நல ஆய்வில் சேகரித்த இரத்தத்தை வைத்து பால் ரிட்கர் குழுவினர் 1997இல் வெளியிட்ட முடிவு திருப்புமுனையானது. நலமாக இருந்த ஆண்களிடையே சிஆர்பி மிகக் குறைந்த கால்பங்கினரோடு ஒப்பிட, மிக உயர்ந்த கால்பங்கினருக்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகவும் பக்கவாத அபாயம் இரண்டு மடங்காகவும் இருந்தது. 2008இல் ஜூப்பிட்டர் ஆய்வு, எல்டிஎல் இயல்பாகவும் சிஆர்பி லிட்டருக்கு 2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் இருந்த 17,802 பேரை எடுத்துக்கொண்டது. ரோசுவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் மருந்து பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் 44 விழுக்காடு குறைந்தன. ஆனால் ஸ்டேட்டின் என்பது கொழுப்பு, அழற்சி இரண்டையுமே குறைக்கும் மருந்து. பலன் எதனால் வந்தது என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிஆர்பியே நோயை உண்டாக்குகிறதா என்ற கேள்விக்கு மரபணு ஆய்வுகள் தெளிவான விடை தந்தன. பிறவியிலேயே சிஆர்பி அதிகம் சுரக்கும் மரபணு அமைப்புள்ளவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வரவில்லை. இன்டர்லூக்கின்-6இன் வேலையைத் தணிக்கும் மரபணு அமைப்புள்ளவர்களுக்கோ இதய நோய் குறைவாக இருந்தது. சிஆர்பி வெறும் சாட்சி. குற்றவாளி அதற்கு மேலே உள்ள சங்கிலியில் இருக்கிறது. இந்தத் துறையில் கிடைத்த மிக முக்கியமான தெளிவு இதுவே.

2017இல் காண்டோஸ் ஆய்வு அதை மருந்தாலும் காட்டியது. மாரடைப்பு வந்த 10,061 பேரில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி 150 மில்லிகிராம் பெற்றோருக்கு மறு நிகழ்வுகள் 15 விழுக்காடு குறைந்தன. எல்டிஎல் அளவு மாறவே இல்லை. எனினும் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின; அது இதய மருந்தாகவில்லை. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டை இதே நோக்கில் சோதித்த ஆய்வு அடுத்த ஆண்டே தோற்றது.

பிறகு கவனம் பழைய கீல்வாத மருந்தான கோல்சிசின் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் பொருள் இது. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டார உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விற்கும் விதைகள் இதற்காகவே ஏற்றுமதியாகின்றன. அதே கிழங்கைத் தின்று இறந்தவர்களும் உண்டு. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறுகியது. நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்த கோல்காட் ஆய்வில் (2019) நிகழ்வுகள் 23 விழுக்காடும், லோடோகோ-2 ஆய்வில் (2020) 31 விழுக்காடும் குறைந்தன. 2023இல் அமெரிக்கா இதை இதய நோய்க்கு அனுமதித்தது. ஆனால் 2024இல், மாரடைப்பு வந்த உடனே தொடங்கிய 7,062 பேரின் கிளியர் ஆய்வில் பலன் தெரியவில்லை. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

எச்எஸ்-சிஆர்பி பரிசோதனை அறிக்கையைப் படிக்கையில் முதலில் அலகைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமும் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராமும் ஒன்றே. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் அபாயம் குறைவு, 3க்கு மேல் என்றால் அதிகம். 10ஐத் தாண்டினால் காய்ச்சல், சொத்தைப் பல், புண் என வேறு காரணத்தைத் தேடி, அது ஆறியபின் மீண்டும் பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் இறக்க மாத்திரை தேடுவது வீண். புகைப்பழக்கத்தை விடுவதும், வயிற்றுக் கொழுப்பைக் கரைப்பதும், தேவையானவர்கள் ஸ்டேட்டின் எடுப்பதுமே வழி. முடக்குவாதமும் சொரியாசிஸும் உள்ளவர்களுக்கு அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதால் இதய நோய் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். மூட்டு வலிக்கும் தோலுக்கும் மருத்துவரைப் பார்க்கும்போதே இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அவர்கள் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.