ஸ்பீக்கர் தேர்வில் செவியும் கருவியும்

ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றைக் காதால் கேட்டு வாங்குவதா, ஆய்வக அளவீடுகளைப் பார்த்து வாங்குவதா என்பது இசை ஆர்வலரிடையே ஓயாத வழக்கு. செவிக்கும் கருவிக்குமான பூசலாகவே பலர் இதைக் கருதுகின்றனர். ஆனால் ஆய்வுகளில் குற்றவாளியாக அகப்பட்டது பெரும்பாலும் கண்.

ஒட்டாவாவிலுள்ள கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1965 முதல் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒப்பிடச் செய்தார். எது ஒலிக்கிறது என்று தெரியாதபோது, கேட்டவர்களின் மதிப்பீடுகள் பெரிதும் ஒத்துப்போயின; செவித்திறன் குறைந்தவர்களுடையவைதாம் அதிகம் சிதறின. பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் இருந்தபோது, ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்நிறுவன ஊழியர்கள் 40 பேர் நான்கு வகை ஸ்பீக்கர்களைப் பார்த்தபடியும் பாராமலும் கேட்டனர். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் கூடியது. சிறிய, மலிவான தொகுப்பு பின்தங்கியது. திரை வந்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஸ்பீக்கரை இடம் மாற்றினால் ஒலி மாறும். பார்த்துக்கொண்டே கேட்டவர்களுக்கு அதுகூட அவ்வளவாக உறைக்கவில்லை. ஒலித்துறையில் பிழைப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், கடையில் தடுமாறும் வாடிக்கையாளரை நொந்து பயனில்லை.

ஒலியளவும் ஏமாற்றும். இரண்டில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தால், அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆகவே ஆம்ப்ளிஃபயர் ஒப்பீடுகளில் 0.1 டெசிபல் அளவுக்குச் சமப்படுத்துவது வழக்கம். ஊகத்தை விலக்க முயற்சிகளின் எண்ணிக்கையும் வேண்டும்: இரண்டில் எது ஒலிக்கிறது என்று 16 முறையில் 12 முறை சரியாகச் சொல்வது குருட்டாம்போக்கில் நிகழும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண் தரத்தைப் பற்றி ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை. பயனுள்ள அளவீடு வேறு வகை. எதிரொலியற்ற சூழலில் ஸ்பீக்கரைக் கிடையாகவும் செங்குத்தாகவும் 10 பாகை இடைவெளியில் சுற்றி, 70 அதிர்வெண் வரைகோடுகளைப் பதிவுசெய்கிறார்கள். இத்தகைய வரைகோடுகளிலிருந்து 70 ஸ்பீக்கர்களுக்கு ஆலிவ் 2004இல் கணித்த விருப்ப மதிப்பு, மறைத்துக் கேட்டவர்களின் மதிப்பீட்டோடு 0.86 என்ற ஒட்டுறவைக் காட்டியது. எந்த வரைகோடு நல்லது என்பதைக் கருவி தானாக அறியாது; திரைக்கு முன் அமர்ந்த காதுகள்தாம் அதற்கு அதைக் கற்பித்தன.

ஆனால் வாங்குபவரின் வீட்டறை அந்த வரைகோடுகளில் இல்லை. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது சுவர்களுக்கு இடையிலான தூரமும் ஸ்பீக்கர் நிற்கும் இடமும்தான். கடையில் கேட்ட பாஸ் ஒலியும் அந்தக் கடை அறைக்கு உரியதே. திருப்பித் தரும் வசதியோடு வாங்கி, வீட்டில் இடம் மாற்றி வைத்துக் கேட்பதால் மட்டுமே அந்தப் பகுதியை மதிப்பிட முடியும்.